வீட்டில் எண்ணெயில் பொரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோகுலாஷ்டமி நெருங்கும்போதும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக அடுக்கி, விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விடையில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் எண்ணைக் குறிப்பிட்டிருப்பதால், முதல் ஐந்து விடைகளை மட்டும் வரிசையாகப் படித்துவிடுவது நல்லது.

1. பொரிக்கும்போது எண்ணெய்க்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

மாவிலும் காயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. மற்ற எல்லாம் அதைத் தொடர்ந்தே நடக்கின்றன. எண்ணெய் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தாலும், பண்டத்தின் உட்பகுதியில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கிறது. வாணலியில் நாம் பார்க்கும் குமிழிகள் எண்ணெய் கொதிப்பதால் எழுபவை அல்ல, பண்டத்திலிருந்து வெளியேறும் நீராவியே அப்படிக் குமிழியிடுகிறது. மேற்பரப்பில் ஈரம் வற்றிய இடம் மட்டும் 100 டிகிரியைக் கடந்து மேலே செல்கிறது. 140 டிகிரியை ஒட்டி அது நன்றாகச் சிவக்கத் தொடங்கி, மெல்லிய ஓடாக இறுகுகிறது. வேகவைத்த பண்டத்தில் மேற்பரப்பு ஈரமாகவே இருப்பதால் அந்த ஓடு உருவாக வழியே இல்லை.

நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே புகுவதும் கடினம். ஈரம் எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது, வெளியேற வழி இருக்கிறதா என்ற மூன்றையும் கவனித்தால், கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு நீங்களே விடை கண்டுவிட முடியும்.

2. எந்த வாணலி நல்லது, எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும்?

அடி கனமான இரும்பு வாணலியோ தடித்த அலுமினிய வாணலியோ போதும். கனமான அடி சூட்டைத் தேக்கி வைத்திருப்பதால், ஒரு ஈடு போட்டதும் எண்ணெய் சட்டென்று ஆறிப்போவதில்லை. வெள்ளீயம் பூசாத பித்தளையும் செம்பும் வேண்டாம், ஏனென்றால் செம்பு எண்ணெயைக் காறலாக்கும் மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. இரும்புக்கும் அந்தக் குணம் ஓரளவு உண்டு என்பதால், இரும்பு வாணலியில் பொரித்து முடித்த எண்ணெயை அதிலேயே விட்டுவைக்காமல் ஆறியதும் மாற்றிவிட வேண்டும்.

எண்ணெய் வாணலியில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பண்டம் மிதந்து திரும்பும் அளவு ஆழம் இருந்தால் போதும். சிறு குடும்பத்துக்குக் குறுகலான, குழிவான வாணலியில் அரை லிட்டர் ஊற்றிச் சிறுசிறு ஈடாகப் போட்டால் வேலை சற்று நீளும், ஆனால் மிஞ்சும் எண்ணெய் குறையும். 15-ஆம் கேள்வியைப் படிக்கும்போது இதன் அருமை தெரியும்.

3. மரச்செக்கு எண்ணெய்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். அதிலேயே எல்லாவற்றையும் பொரிக்கலாமா?

எல்லாவற்றையும் பொரிக்க முடியாது. ஒவ்வோர் எண்ணெயும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் புகையத் தொடங்கும்; அந்த நிலையில் அது சிதைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் ஏறத்தாழ 160 டிகிரியிலும், செக்கு நல்லெண்ணெயும் சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயும் ஏறத்தாழ 175 டிகிரியிலும் புகையத் தொடங்கும். சுத்திகரித்த கடலெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் தவிட்டெண்ணெயும் 225 டிகிரிக்கு மேலும் தாங்கும். செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும் நுண்ணிய கசடும் ஈரமும் அதன் மணத்துக்குக் காரணமாக இருப்பது போலவே, அது விரைவில் புகைவதற்கும் நுரைப்பதற்கும் காரணமாகின்றன. ஆகவே அதிரசம், சீடை போல மிதமான சூட்டில் வேகும் பண்டங்களுக்கு நன்றாகத் தெளிந்த செக்கு எண்ணெயைப் பயன்படுத்தலாம். பூரிக்கும் அப்பளத்துக்கும் அது பொருந்தாது.

புகையும் சூடு மட்டுமே அளவுகோல் என்றும் எண்ணிவிட வேண்டாம். சூரியகாந்தி எண்ணெயின் புகையும் சூடு உயர்ந்திருந்தாலும், அதில் பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுதியாக இருப்பதால் நீண்ட நேரப் பொரிப்பில் அது விரைவாக ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயில் இந்த வகையில் உறுதியானது. ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அன்றாடச் சமையல் முழுவதையும் அதிலேயே செய்வது நல்லதல்ல. மணம், தாங்குதிறன், கொழுப்பின் தன்மை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பண்டிகைப் பலகாரத்துக்குச் சுத்திகரித்த கடலெண்ணெயையே நான் பரிந்துரைப்பேன்.

4. எண்ணெய் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர் தெளித்துப் பார்க்கலாமா?

தண்ணீர் தெளிக்கவே கூடாது. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, அங்கே நொடியில் ஆவியாக விரிந்து, கொதிக்கும் எண்ணெயை முகத்திலும் கையிலும் வீசும்.

மிளகளவு மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதே போதுமான சோதனை. மாவு அடியில் தங்கிச் சோம்பலாக ஓரிரு குமிழி விட்டால் எண்ணெய் இன்னும் காயவில்லை. அடிக்குப் போய் மெல்ல எழுந்தால் 160 டிகிரியை ஒட்டிய மிதமான சூடு. பாதி தூரம் இறங்குவதற்குள் திரும்பி மேலே வந்து சுற்றிலும் பரபரவென்று குமிழியிட்டால் 175 முதல் 180 டிகிரி. விழுந்த இடத்திலேயே சிவந்து கறுத்தால் சூடு மிஞ்சிவிட்டது. அடுப்பை அணைத்துச் சற்றுப் பொறுக்க வேண்டும். புகை தெரிவதைக் காய்ந்ததற்கு அடையாளமாகக் கொள்கிறவர்கள் பலர். 3-இல் சொன்னபடி, சுத்திகரித்த எண்ணெயில் புகை வரும்போது தேவையான சூட்டை எப்போதோ தாண்டியிருப்போம்.

அடிக்கடி பொரிப்பவர்கள் 200 டிகிரிக்கு மேல் காட்டும், எண்ணெயில் முனையை அமிழ்த்தும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். தூரத்திலிருந்தே அகச்சிவப்புக் கதிரை உணர்ந்து அளக்கும் கருவி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே சொல்லும் என்பதால், எண்ணெயை ஒருமுறை கலக்கிவிட்டு அளக்க வேண்டும்.

5. எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

பண்டம் எவ்வளவு தடிமன், அதில் எவ்வளவு ஈரம், எவ்வளவு இனிப்பு என்பவற்றைப் பொறுத்தது. வெல்லம் சேர்ந்த அதிரசம் விரைவில் கறுத்துவிடும் என்பதால் 150 முதல் 160 டிகிரி. உள்ளே ஈரம் முழுவதும் வற்ற வேண்டிய சீடைக்கும் ஏறக்குறைய அதே சூடு. முறுக்குக்கும் தட்டைக்கும் 160 முதல் 170. மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் வேண்டிய வடைக்கும் பஜ்ஜிக்கும் 170 முதல் 180. நொடியில் உப்ப வேண்டிய பூரிக்கும் பொரிய வேண்டிய அப்பளத்துக்கும் 190 வரை போகலாம்.

இந்த எண்கள் பண்டம் உள்ளே இருக்கும்போது எண்ணெயில் நிலைக்க வேண்டிய சூட்டைக் குறிக்கின்றன. ஒரு ஈடு போட்டதும் எண்ணெய் 20 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கிவிடுவது இயல்பு. அதனால் போடும்போது தீயைக் கூட்டி, எண்ணெய் மீண்டதும் குறைத்து, ஒவ்வோர் ஈட்டுக்கும் இடையில் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். எண்ணெயின் மேற்பரப்பில் பாதியாவது வெறுமையாகத் தெரியும் அளவுக்கு மட்டுமே போடுங்கள்.

6. என் வடை மட்டும் எண்ணெய் குடிக்கிறது. எண்ணெய் காயாததுதான் காரணமா?

அது ஒரு காரணம். காயாத எண்ணெயில் ஓடு உருவாகத் தாமதமாகிறது, பண்டம் நெடுநேரம் உள்ளே கிடக்கிறது. ஆனால் பலருக்கும் தெரியாத செய்தி, எண்ணெயின் பெரும்பங்கு பண்டத்துக்குள் செல்வது வாணலியை விட்டு வெளியே எடுத்த பிறகுதான் என்பது. வெளியே எடுத்ததும் பண்டம் ஆறுகிறது, உள்ளேயிருக்கும் நீராவி சுருங்கித் தண்ணீராகிறது, அங்கே ஏற்படும் வெற்றிடம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே ஜல்லிக்கரண்டியில் எடுத்த வடையை வாணலியின் விளிம்பில் சாய்த்து, சூடு ஆறுவதற்குள் சில நொடிகள் நன்றாக வடியவிடுவது மற்ற எல்லா உபாயங்களையும்விடப் பயன் தரும். தீயை அணைத்துவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் எண்ணெயிலேயே கடைசி ஈட்டை விட்டுவைப்பது இதற்கு நேர்மாறான பழக்கம்.

மாவிலும் பார்க்க வேண்டியவை உண்டு. உளுந்தை அதிகத் தண்ணீர் விட்டு அரைத்தால் வெளியேற வேண்டிய ஈரம் கூடி, அது விட்டுச் செல்லும் துளைகளில் எண்ணெய் தங்கும். நன்றாக அரைத்த உளுந்து மாவு தண்ணீரில் போட்டால் மிதக்கும். சற்று நீர்த்துவிட்டால் ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்து இறுக்கலாம். சமையல் சோடாவைக் கூட்டினால் துளைகள் பெருகி எண்ணெய் மேலும் ஏறும். பஜ்ஜி மாவுக்கும் இது பொருந்தும்.

7. மேலே நன்றாகச் சிவந்துவிடுகிறது, பிட்டுப் பார்த்தால் உள்ளே மாவாக இருக்கிறதே?

சூடு அதிகம், அல்லது பண்டம் தடிமன். 1-இல் சொன்னபடி உள்ளே சூடு மெதுவாகத்தான் செல்லும். மேற்புறம் அதற்காகக் காத்திருப்பதில்லை. வடையின் நடுவில் துளையிடுவது அழகுக்காக மட்டும் அல்ல, நடுப்பகுதியும் எண்ணெயைத் தொட்டு வேகட்டும் என்பதற்காகவே.

கோழிக்கறி பொரிக்கும்போது இது ருசியோடு நிற்காமல் உடல்நலத்தைத் தொடும் விஷயமாகிறது. துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். எலும்புள்ள பெரிய துண்டுகளுக்கு 160 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகவிட்டு எடுத்து, கடைசியில் 180 டிகிரியில் ஓரிரு நிமிடம் மீண்டும் போட்டு எடுப்பது நல்ல முறை.

8. முறுக்கை எந்தப் பதத்தில் எடுப்பது? சில நாளிலேயே நமத்துப் போகிறதே?

நிறத்தைவிடக் காதை நம்புங்கள். முறுக்கு விழுந்ததும் எழும் சலசலப்பு ஈரம் வெளியேறும் ஓசை. அது படிப்படியாகத் தணிந்து, குமிழிகள் சிறுத்து, கிட்டத்தட்ட அடங்கும்போது ஈரம் தீர்ந்துவிட்டது. ஓசை அடங்குவதற்கு முன்பே சிவந்துவிட்டதென்று எடுத்தால், வெளியே கரகரப்பாகவும் உள்ளே சற்று ஈரமாகவும் இருக்கும். அந்த ஈரம் இரவுக்குள் முழு முறுக்குக்கும் பரவி நமத்துப் போகச் செய்கிறது. முறுக்கு முற்றிலும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் ஆவியே மூடியின் உட்புறம் படிந்து மீண்டும் அதன்மேல் சொட்டும்.

நமத்துப் போவதும் காறல் வாடை வீசுவதும் வெவ்வேறு. முன்னது காற்றின் ஈரத்தால் வருவது, குறைந்த தீயில் ஓவனிலோ வெறும் வாணலியிலோ சூடுகாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காறல் எண்ணெய் கெட்டதால் வருவது. அதைச் சரிசெய்ய இயலாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

9. சீடை வெடிக்கிறது. பயமாக இருப்பதால் செய்வதையே விட்டுவிட்டேன். என்ன செய்ய வேண்டும்?

பயப்படுவதில் தவறில்லை, வெடிக்கும் சீடை கொதிக்கும் எண்ணெயை வெகுதூரம் வீசக்கூடியது. காரணம் 1-இல் சொன்ன மூன்றில் கடைசியானது, அதாவது ஈரம் வெளியேற வழியின்மை. முறுக்கு மெல்லிய இழை என்பதால் ஆவி எளிதில் வெளியேறிவிடுகிறது. சீடையோ உருண்டை. மேற்புறம் இறுகி அடைபட்டுவிட்டால் உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. மாவில் கட்டியோ, கரையாத உப்புக் கல்லோ, வறுபடாத தேங்காய்த் துண்டோ இருந்தால் அந்த இடத்தில் ஈரம் திரண்டு நிற்கிறது.

ஆகவே அரிசியைக் களைந்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்த மாவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சலித்து, பிறகு வறுக்க வேண்டும். விரலிடுக்கில் எடுத்துக் கோலம் இழுத்தால் இழை அறாமல் விழும் பதம் வரும்வரை வறுப்பதே பழைய கணக்கு. அந்த நிலையில் மாவில் திரண்ட ஈரம் இல்லை என்று அறியலாம். வறுத்த பிறகும் மீண்டும் சலிக்க வேண்டும். உளுந்தை வறுத்து அரைத்து அதையும் சலித்துச் சேர்க்க வேண்டும், உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும், தேங்காயை ஈரம் போக வறுத்துக்கொள்ள வேண்டும்.

உருட்டும்போது மழமழப்பாக அழுத்தி உருட்டாதீர்கள். மேற்புறம் சற்றுச் சொரசொரப்பாக, மெல்லிய வெடிப்புகளோடு இருப்பதே நல்லது, அவையே ஆவிக்கு வாசல். உருண்டைகளைத் துணியில் பரப்பிச் சிறிது நேரம் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒருமுறை குத்திவிட்டு, மிதமான சூட்டில் கொஞ்சமாகப் போடுங்கள். முதல் ஈட்டில் நாலைந்து மட்டும் போட்டு, வாணலியை விட்டு விலகி நின்று பாருங்கள். ஒன்று வெடித்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு மீதி உருண்டைகளை இன்னும் சற்று உலர்த்துங்கள். அத்தனையும் செய்த பிறகும் மனம் துணியவில்லை என்றால், அதே மாவைத் தட்டையாகத் தட்டிப் பொரித்துவிடலாம்.

10. அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது. மாவில் குறையா, எண்ணெயில் குறையா?

பெரும்பாலும் பாகில். வெல்லப் பாகு இளம்பதமாக இருந்தால் மாவில் தண்ணீர் மிஞ்சி, அது ஆவியாகும் வேகத்தில் மாவு கலைந்துவிடும்; பாகு முற்றினால் அதிரசம் கல்லாகும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாக வருவதே சரியான பதம். மாவும் முழுக்க உலர்ந்த கடை மாவாக இருக்கக் கூடாது. ஊறவைத்து நிழலில் பாதி உலர்த்திய பச்சரிசியை அரைத்த, கையில் பிடித்தால் பிடி நிற்கும் ஈரமாவு வேண்டும். கிளறிய மாவை ஒரு நாளாவது வைத்திருந்தால் பாகு மாவில் ஊறி ஒன்றாகிவிடும்.

பிரிகிறது என்று தெரிந்தால் மீதி மாவில் கொஞ்சம் பச்சரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து பார்க்கலாம். எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிடும் வழக்கம் சரியானதே. 6-இல் சொன்ன உறிஞ்சல் தொடங்கும் முன்பே, சூட்டோடு சூடாக அதைச் செய்ய வேண்டும்.

11. பூரி ஏன் உப்பவில்லை?

மாவு தளர்வாக இருக்கலாம், தேய்த்ததில் ஓரம் தடித்தும் நடு மெலிந்தும் இருக்கலாம், எண்ணெய் காயாமல் இருக்கலாம். மூன்றாவதே அதிகம். மாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரே சீராகத் தேய்த்து, போட்டதும் கரண்டியால் மெல்ல அழுத்துங்கள்.

12. சில நேரம் எண்ணெய் நுரைத்துப் பொங்கி வழியப் பார்க்கிறது. ஏன்?

செக்கு எண்ணெயின் கசடு, மாவிலிருந்து உதிரும் துகள், மாவில் சேர்த்த வெண்ணெய், முட்டை, பலமுறை காய்ச்சிய எண்ணெய் ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். முதல் ஈட்டிலேயே புது எண்ணெய் நுரைத்தால் எண்ணெய் தெளியவில்லை என்று பொருள். செக்கு எண்ணெயைச் சில நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துப் பயன்படுத்த வேண்டும். வெற்றிலையோ புளித்துண்டோ போட்டு நுரையை அடக்கும் வீட்டு வழக்கம் உண்டு. ஈரமாகப் போட்டால் அதுவே தெறிக்கும் என்பதால் நான் தெளியவைப்பதையே விரும்புகிறேன். பழைய எண்ணெய் நுரைத்தால் அதன் பொருளே வேறு, 15-ஐப் பாருங்கள்.

பொங்கத் தொடங்கினால் அடுப்பை அணையுங்கள், வாணலியைத் தூக்க முயலாதீர்கள். பாதி அளவு எண்ணெய் என்ற விதி இப்படிப்பட்ட நேரத்துக்காகவே இருக்கிறது.

13. நேந்திரங்காய் சிப்ஸ் போடுபவர்கள் கொதிக்கும் எண்ணெயில் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்களே! 4-இல் தண்ணீர் கூடாது என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. நாகர்கோவிலிலும் கேரளத்திலும் சிப்ஸ் போடும் இடங்களில், காய் பாதி வெந்து எண்ணெய் ஏற்கனவே ஆவியால் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது, மஞ்சளும் உப்பும் கரைத்த நீரைச் சிறிதளவு தெளிக்கிறார்கள். அந்த நேரத்தில் காய்களின் ஈரம் எண்ணெயின் சூட்டைத் தாழ்த்தியிருக்கிறது, நீரும் சிறிது, வாணலியோ மிகப் பெரியது. அப்போதும் எண்ணெய் சீறி எழும். அந்தச் சீற்றத்துக்கு இடம் கொடுக்கும் அகலமும் நீண்ட கரண்டியும் பழகிய கையும் அவர்களிடம் இருக்கின்றன.

வீட்டு வாணலியில் இந்த மூன்றும் இல்லை. சீவிய துண்டுகளை உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துணியில் நன்றாக ஒற்றி உலர்த்திப் போடுங்கள். உப்பு உள்ளே சேர்ந்துவிடும், எண்ணெயில் நீர் ஊற்ற வேண்டிய தேவையே வராது.

14. பொரித்ததைச் செய்தித்தாளில் பரப்பி எண்ணெயை ஒற்றலாமா?

கூடாது. அச்சு மையில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும், சூடான எண்ணெய் அவற்றை எளிதில் கரைத்துப் பண்டத்தில் சேர்த்துவிடும். செய்தித்தாளில் உணவைப் பொதிவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதிமுறை விதிகள் தடைசெய்கின்றன. அச்சிடாத உறிஞ்சு தாளையோ, அதைவிட நல்லதாகக் கம்பி வலைத்தட்டையோ பயன்படுத்துங்கள். தாளில் குவித்து வைத்தால் அடியில் இருப்பவை ஆவியில் வெந்து மொறுமொறுப்பை இழக்கும். வலைத்தட்டில் கீழும் காற்றோட்டம் இருக்கிறது.

15. மிஞ்சிய எண்ணெயில் மறுபடி பொரிக்கலாமா? எத்தனை முறை?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல், ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்பு, தாளிப்பு போன்றவற்றுக்கு ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும், மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதே. வீட்டுக்கு இதுவே சரியான இலக்கு என்று நானும் நம்புகிறேன். குறைவாக ஊற்றிப் பொரித்தால் இது முடியாத காரியம் அல்ல. ஒரே நாளில் அடுத்தடுத்துப் பல ஈடு போடுவது தவிர்க்க முடியாதது. அப்போது கசடை அவ்வப்போது அரித்து எடுத்து, சூட்டை மிஞ்சவிடாமல் பார்த்துக்கொண்டால் எண்ணெய் ஓரளவு தாங்கும். அடியில் கருகும் துகள்கள்தாம் எண்ணெயைக் கெடுப்பதில் முன்னிற்கின்றன.

முறைகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட எண்ணெயைப் பார்ப்பது மேல். ஆறிய பிறகு தேன்போலக் குழகுழவென்று ஓடுவது, குமிழிகள் உடையாமல் நுரையாக நிற்பது, முன்பு புகையாத சூட்டிலேயே புகைவது, மூக்கில் உறைக்கும் வாடை, பாத்திரத்தின் விளிம்பில் பிசின்போல ஒட்டும் படிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெயின் காலம் முடிந்துவிட்டது. நிறம் மட்டும் கறுத்திருப்பது எப்போதும் கேட்டின் அடையாளம் அல்ல, மிளகாய்த்தூளும் வெல்லமும்கூட நிறத்தை மாற்றும்.

16. பழைய எண்ணெயில் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடாதா?

சரியாகாது. பழைய எண்ணெயில் ஏற்கனவே உருவாகிவிட்ட சிதைவுப் பொருள்கள் புது எண்ணெயும் விரைவில் சிதைவதற்குத் தூண்டுகோலாகின்றன. நிறம் வெளுத்துத் தெரிவதால் நல்லதாகிவிட்டது போன்ற மயக்கம் வரும், அவ்வளவே. மீன் பொரித்த எண்ணெய் சேர்ந்தால் வாடையும் தொற்றிக்கொள்ளும்.

17. கடையில் ஒரே எண்ணெயில் நாள் முழுவதும் பொரிக்கிறார்களே, அதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. எண்ணெய் சிதையும்போது உருவாகும் முனைவுச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை உடனே அளந்து காட்டும் கைக்கருவிகளும் உண்டு. வீட்டில் அந்தக் கருவி தேவையில்லை, 15-இல் சொன்ன அடையாளங்கள் போதும்.

18. உருளைக்கிழங்கு பொரித்தால் புற்றுநோய் வரும் என்கிறார்கள். உண்மையா?

இந்தப் பேச்சின் தொடக்கம், 2002-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மாவுச்சத்துள்ள உணவுகளை அதிகச் சூட்டில் சமைக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாவதைக் கண்டறிந்ததுதான். அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சிலவகைச் சர்க்கரைகளும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அது உருவாகிறது. ஆய்வுக்கூட விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியிருக்கிறது. மனிதர்களில், உணவின் வழி வரும் அளவு அப்படிச் செய்கிறது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. அச்சத்தால் உருளைக்கிழங்கையே விலக்க வேண்டியதில்லை, குறைத்துக்கொள்ளும் வழிகளைக் கைக்கொண்டால் போதும்.

பொரிப்பதற்கான கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, துணியால் ஒற்றிவிட்டுப் பொரியுங்கள். மேற்பரப்பின் சர்க்கரை கரைந்து போய்விடும். 175 டிகிரிக்கு மேல் போகாமல், பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். பழுப்பு கூடக் கூட அக்ரிலமைடும் கூடுகிறது.

19. ஃபிரீசரிலிருந்து எடுத்த கட்லெட்டை அப்படியே போடலாமா?

உறைந்த நிலையிலேயே பொரிக்கலாம் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் போடலாம். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் பனித்துகளை உதறித் துடைத்துவிட வேண்டும், அது 4-இல் சொன்ன தண்ணீருக்குச் சமம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

20. ஏர் ஃபிரையரில் செய்தால் அதே ருசி வருமா?

அது சூடான காற்றைச் சுழற்றும் சிறிய ஓவன். ஏற்கனவே உருவமும் இறுக்கமும் கொண்ட கட்லெட், உருளைக்கிழங்குத் துண்டு, கோழித் துண்டு ஆகியவை சிறிதளவு எண்ணெய் தடவினால் அதில் நன்றாகவே வரும், எண்ணெயும் பெருமளவு மிச்சமாகும். இளகிய பஜ்ஜி மாவும் உளுந்து வடை மாவும் வராது. எண்ணெய் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டு நொடியில் மேற்புறத்தை ஓடாக இறுக்குகிறது. காற்றால் சூட்டை அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியாததால் மாவு வழிந்து பரவிவிடும். பூரியும் அதே காரணத்தால் பெரும்பாலும் வறண்டு போகும்.

21. எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? கையில் எண்ணெய் பட்டுவிட்டால்?

அடுப்பை அணையுங்கள், வாணலியை முழுவதும் மறைக்கும் உலோக மூடியால் மூடுங்கள், நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாகும்போது தண்ணீர் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவதால், ஒரு குவளைத் தண்ணீர் எரியும் எண்ணெயைக் கூரைவரை எழுப்பிவிடும். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது. தீ மூடிக்கு அடங்காவிட்டால் அனைவரும் வெளியேறி 101 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பொரிக்கத் தொடங்கும் முன்பே பொருத்தமான மூடியை அடுப்பருகில் எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது கைப்பேசிக்காகக்கூட அங்கிருந்து நகராதீர்கள்.

கையில் பட்டால் உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மஞ்சள், பேனா மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய புண்ணுக்கும், முகத்திலோ குழந்தை மேலோ பட்டதற்கும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், 108-ஐ அழைக்கலாம்.

22. பயன்படுத்த முடியாத எண்ணெயைச் சிங்கில் ஊற்றிவிடலாமா? விளக்குக்கு ஊற்றலாமா?

சிங்கில் ஊற்றினால் குழாயின் உட்புறம் கொழுப்பாகப் படிந்து நாளடைவில் அடைத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரோடு ஊற்றினாலும் சற்றுத் தள்ளிப்போய் அடைக்கும். விளக்குக்கு ஊற்றினால் கசடு திரியில் ஏறிப் புகையும் வாடையும் மிகும். மூடிய அறைக்கு அது ஏற்றதல்ல.

நன்றாக ஆறவைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. உங்கள் பகுதியில் சேகரிப்போர் யார் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பல வீடுகளின் எண்ணெயை ஒரே கேனில் சேர்த்துக் கொடுப்பது எளிது. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி அளவே மிஞ்சினால், பழைய தாளிலோ மணலிலோ ஊறவிட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.